இடது கன்னத்தின் விலை

வலது கன்னம் கால் நாள் கூலி, இடது கன்னம் அரை நாள் கூலி. மோவாயும் மேலுதடும் கொசுறு. மனிதனின் முகத்துக்கு விலை போட முடியுமா என்று யாராவது உருகினால் எங்கள் பட்டறைக்கு அனுப்பி வையுங்கள். மூன்று கிளாஸ் டீயும் ஒரு முழு மத்தியானமும் செலவழித்துப் பேசி முடித்த விலை இது.

முகத்தின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர். ஒரு நாள் சவரம் செய்யாவிட்டால் அவர் கன்னத்தில் பாத்திரம் துலக்கலாம். அதனால் அவருக்கு எங்களிடம் 'கம்பி' என்று பெயர். அந்தப் பெயரை அவர் பதவி உயர்வு மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார். டிக்கெட் இல்லாதவர்களோடு முப்பது வருடம் வாதாடிய வாய் என்பதால் பேரத்தில் அவரை அசைப்பது லேசான காரியமில்லை.

நாங்கள் ரேசர் செய்கிறவர்கள். நடுவில் பிளேடு, மேலே ஒரு மூடி, கீழே ஒரு தட்டு, இரண்டையும் திருகிப் பிடிக்க ஒரு கைப்பிடி. அவ்வளவுதான் சாமான். ஆனால் பிளேடின் விளிம்புக்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் எங்கள் குடும்பத்தின் சண்டையும் சமாதானமும் குடியிருக்கின்றன. அந்த இடைவெளி ஒரு மயிரிழை கூடினால் தோல் கிழியும். ஒரு மயிரிழை குறைந்தால் முடி இருந்த இடத்திலேயே இருக்கும், ரேசர் முகத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போகும்.

நான் கடைப் பக்கம். ரேசர் வாங்க வருகிறவர்கள் முதலில் கைப்பிடியைத்தான் பார்ப்பார்கள். பளபளப்பைப் பார்ப்பார்கள், கனத்தைக் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். நான் அவர்கள் கழுத்தைப் பார்ப்பேன். காலருக்கு மேலே சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் அந்த ஆள் அழுத்திப் போடுகிறவர். அவருக்குக் கனமான கைப்பிடியைக் கொடுத்து, "அழுத்தாதீங்க, அதுவே அதோட வேலையைப் பாத்துக்கும்" என்பேன். தோல் மெல்லியதாகவும் முடி முரடாகவும் இருப்பவர்தான் சிக்கல். அந்த மாதிரி ஆளுக்கு ஏற்ற ரேசர் எங்களிடம் இல்லை. இருப்பதை நல்லது என்று சொல்லி விற்றேன். அதுவும் ஒரு வேலைதானே.

இல்லை என்பதை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் அத்தான், அக்காவின் கணவர். எங்கள் பட்டறைக்கு லேத் வேலைக்கு வந்து மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டவர். பேச்சு குறைவு. பேச வேண்டிய இடத்தில் அரத்தை எடுத்து எதையாவது ராவிக்கொண்டிருப்பார். இரண்டு வருடம் ராவியதில் ரேசருக்கு ஒரு புதுத் தலை, அதாவது மூடியும் தட்டும், பிறந்தது. மூடியின் வளைவு கொஞ்சம் கூடுதல். பிளேடு அதன் மேல் இழுத்துப் பிடித்தாற்போல நிற்கும், அதிராது. தட்டின் விளிம்பில் அலை அலையாக வெட்டு. நுரை அதன் வழியாக ஓடிவிடும்.

அப்பா வடிவமைத்த தலை முப்பத்தோரு வருடமாக விற்றுக்கொண்டிருந்தது. அதன் வார்ப்பு அச்சு அந்த வருடம் விரிசல் விட்டது. புது அச்சு வெட்ட வேண்டும், ஒன்றே ஒன்று வெட்டத்தான் வழி இருந்தது. அப்பாவின் பழைய தலையையே திரும்ப வெட்டுவதா, அத்தானின் புதுத் தலையை வெட்டுவதா? புதுசுக்கு என்றால் பட்டறைப் பொறுப்பு அத்தானுக்கு. பழசுக்கே என்றால் அத்தான் கதவுக் கீல் செய்யும் கம்பெனிக்குப் போய்விடுவார். அவர்கள் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். கீலில் வடிவமைக்க என்ன இருக்கிறது என்று அக்கா ஒரு தடவை கேட்டாள். "திறக்கும், மூடும்" என்றார் அத்தான். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

அப்பா தீர்ப்பைக் கம்பியின் முகத்திடம் விட்டார். சட்டம் அப்பா போட்டது, பட்டறையில் எல்லாவற்றுக்கும் மூத்தது. இருபது சவரம். ஒரே முகம், ஒரே சோப்பு, இரண்டு ரேசரிலும் அன்றைக்குப் பிரித்த பிளேடு. முகம் முழுக்க ஒரே தடவையில் நுரை பூச வேண்டும். புதுத் தலைக்கு வலது கன்னம், பழைய தலைக்கு இடது கன்னம். புதுசுக்கு முதல் மரியாதை என்பதால் வலதில் தொடங்க வேண்டும். முடிந்ததும் கீறலை எண்ண வேண்டும். சாயங்காலம் ஒரு பஞ்சை எடுத்து, கன்னத்தில் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. வழிக்காமல் விட்ட முடியில் எத்தனை இழை ஒட்டியது என்று எண்ண வேண்டும்.

அக்கா எண்ணினால் புருஷன் பக்கம், அப்பா எண்ணினால் தன் பக்கம் என்று எண்ணிக்கை என் தலையில் விழுந்தது. எழுதுவது மட்டும் அக்கா. இருபது சாயங்காலம் ஒரு ஓய்வுபெற்ற மனிதரின் கன்னத்தில் பஞ்சு பொறுக்கியிருக்கிறேன்.

இருபதாவது நாள் அக்கா கூட்டிச் சொன்னாள். புதுசு, கீறல் மூன்று, இழை இருபத்திரண்டு. பழசு, கீறல் பதினான்கு, இழை அறுபத்தொன்று.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி மாப்ள. திங்கக்கிழமை அச்சுக்காரருக்குச் சொல்லிடுங்க" என்றார். அத்தான் தலையாட்டிவிட்டு லேத்துக்குப் போய், அவசியமே இல்லாமல் அதற்கு எண்ணெய் விட்டார். அக்கா அன்றைக்கு இரண்டு தடவை சிரித்தாள். நான் எண்ணினேன், எண்ணிப் பழகிவிட்டது.

மிச்சம் இருந்தது கம்பிக்குக் கணக்குத் தீர்ப்பது. கடையில் என் முன்னால் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டே ஆரம்பித்தார்.

"இடதுக்கு முக்காலாப் போட்டுக் குடுத்துடுங்க தம்பி."

"பேசுனது அரை, அண்ணே."

"பேசுனது அரை. பட்டது முக்கால்."

"அரையே அநியாயம். வலதுக்குக் கால்தானே வாங்குறீங்க? ரெண்டும் ஒரே மூஞ்சியிலதான் இருக்கு."

"ஒரே ரயில்லதான் ஏசியும் இருக்கு, சாதாப் பெட்டியும் இருக்கு. ஒரே டிக்கெட்டா?"

"அப்படி என்ன இடதுல ஏசி ஓடுது?"

கம்பி டீயைக் கீழே வைத்தார். என் விரலைப் பிடித்து, தன் இடது தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினார். "என்ன தெரியுது?"

முடி வட்டமாகச் சுழன்று வளர்ந்திருந்தது. தலையில் சுழி இருக்குமே, அது மாதிரி.

"இந்தச் சுழி வலதுல கிடையாது. இதுல எந்தப் பக்கம் இழுத்தாலும் எதிர் முடிதான். அது ஒண்ணு. ரெண்டாவது, எனக்கு வலது கை. வலது கன்னத்துக்குக் கை நேராப் போகுது. இடதுக்குன்னா மூக்கைத் தாண்டிப் போயி, மணிக்கட்டை ஒடிச்சு, கண்ணாடியில என் கையே மறைச்சுக்கிட்டு நிக்குது. மூணாவது, ஒங்கப்பா சட்டம். வலதை முடிச்சிட்டு இடதுக்கு வர்றதுக்குள்ள நுரை காஞ்சு அப்பளமாயிடுது. காஞ்ச கன்னத்துல இழுக்கிறேன். நான் கேக்குறது முக்கால். வேற ஆளா இருந்தா ஒண்ணு கேப்பான்."

எங்கள் வீட்டில் பேரம் என்றால் எதிராளியின் நியாயத்தைக் காதில் வாங்காமல் இருப்பதுதான் முதல் பாடம். அன்றைக்கு வாங்கிவிட்டேன். முக்காலாகவே கொடுத்தேன். கம்பி சந்தேகத்தோடு எண்ணிப் பார்த்தார். சுலபமாகக் கிடைத்த பணத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

அவர் போன பிறகு நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். தொடக்க நாளிலேயே இடதுக்கு இரட்டை விலை கொடுக்கச் சம்மதித்திருக்கிறோம். அப்பா, நான், கம்பி, மூன்று பேரும் ஒரு மத்தியானம் முழுக்க அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் பேசினோம். எவ்வளவு என்று கேட்டோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும் விலையைக் கேட்டதும் காரணம் கேட்டிருக்கும். நாங்கள் குறைக்கக் கேட்டோம். புதுசு ஜெயித்தது ரேசரின் சாமர்த்தியமா, வலது கன்னத்தின் சௌகரியமா? இருபது நாள் பஞ்சு பொறுக்கிய எனக்கே தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அத்தான் ஜெயித்தாயிற்று, அக்கா சிரித்தாயிற்று. ஆனால் நாளைக்கு அந்த ரேசரைக் கடையில் நின்று விற்கப்போகிறவன் நான். திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்கிறவனின் முகத்தையும் நான்தான் பார்க்க வேண்டும்.

அத்தானிடம் போய் முழுக்கச் சொன்னேன். அரத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"கம்பிக்குத் தெரியும். ஆனா தெரியும்கிறது அவருக்குத் தெரியாது."

அத்தான் புதுத் தலையை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் வலது கையைக் காற்றில் தூக்கி, இடது கன்னத்துக்குக் கொண்டுபோனார். மணிக்கட்டு எங்கே ஒடிகிறது என்று இரண்டு தடவை பார்த்தார்.

"அச்சு வெட்டியாச்சுன்னா யாரும் கேக்க மாட்டாங்க அத்தான்."

"வாங்குறவனுக்கு ரெண்டு கன்னம் இருக்கே மச்சான்" என்றார். "மாத்திப் போட்டுப் பாத்துடலாம். புதுசு இடதுல, பழசு வலதுல. தோத்தா கீல்."

மேலே போய் அவரே அப்பாவிடம் சொன்னார். நானும் அக்காவும் வாசலில் நின்றோம். தோற்றுப்போன ரேசர் அப்பாவுடையது. மறுபடி சோதனை என்றால் அவர் குதித்து எழுந்திருக்க வேண்டும். அப்பா எழவில்லை.

"முடிஞ்சது முடிஞ்சதுதான் மாப்ள. நீங்க ஜெயிச்சிட்டீங்க. திங்கக்கிழமை அச்சு வெட்டுங்க."

"சரியா ஜெயிச்சேனான்னு தெரியலை மாமா."

"சட்டப்படி ஜெயிச்சீங்க."

"சட்டத்துலதான் கோளாறு."

"இந்தச் சட்டத்துல ஒரு கோளாறும் கிடையாது!" அப்பாவின் குரல் பட்டறை வரைக்கும் கேட்டிருக்கும். ஜெயித்தவன் வேண்டாம் என்கிறான், தோற்றவர் வைத்துக்கொள் என்கிறார். இப்படி ஒரு பேரத்தை எங்கள் தெருவே பார்த்ததில்லை.

எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. பீரோவுக்குப் போய், அடித்தட்டில் இருந்த நீல அட்டை நோட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்துப் பிரித்தாள்.

பெரியப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அப்பாவின் அண்ணன். பட்டறையை இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கினார்கள். யாருடைய தலையை அச்சாக வெட்டுவது என்று போட்டி வந்தது. அப்பா இந்தச் சட்டத்தை எழுதினார். பெரியப்பா தோற்றார். மறு மாதமே பிரிந்துபோய், நகரத்தின் அந்தக் கோடியில் பூட்டுக் கடை வைத்தார். அன்றைக்கு வளர்க்க ஆரம்பித்த தாடி இன்றைக்கு அவர் சட்டைப் பையை மறைக்கிறது. கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் வருவார், போவார். ரேசர் என்ற வார்த்தையை மட்டும் அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை.

அக்கா படித்தாள். "முகம், பேக்கரிக்காரர். அண்ணன் தலை முதல்ல செஞ்சது, அதனால இடது. என் தலை புதுசு, அதனால வலது. இருபது சவரம். அண்ணன் தலை, கீறல் ஒன்பது. என் தலை, கீறல் அஞ்சு."

"பேக்கரிக்காரருக்குச் சுழியெல்லாம் கிடையாது" என்றார் அப்பா.

"வலது கை ஆளா?" என்று கேட்டார் அத்தான்.

அப்பா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நுரை காயுமில்லப்பா?" என்றாள் அக்கா. அவள் அதை மெதுவாகத்தான் கேட்டாள்.

அப்பா நோட்டின் மேல் கையை வைத்தார். நாலு கீறல் வித்தியாசம். "அந்தக் கம்பியைக் கூப்பிடு" என்றார் என்னிடம். "மாத்திப் போடச் சொல்லு. இந்தத் தடவை பேரம் பேசாதே."

பேரம் பேசாதே என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கம்பிக்கும் அது பிடிக்கவில்லை. கேட்டதை உடனே கொடுத்ததும் முகம் வாடி, "என்னமோ இருக்கு இதுல" என்று பிளேடை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

இன்னொரு இருபது சவரம். ரேசர் இரண்டும் கன்னம் மாறின. வலதில் தொடங்குவது, ஒரே தடவையில் நுரை பூசுவது எல்லாம் பழையபடியே. சௌகரியம் முழுக்க இப்போது பழசுக்கு. முதல் நாளே புதுசு சுழியில் கடித்தது. மூன்றாம் நாள் இரண்டு இடத்தில் ரத்தம். கம்பி படிகாரக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு, "சார், உங்க கண்டுபிடிப்புக்கு என் மேல என்ன கோவம்?" என்று அத்தானைக் கேட்டார். அத்தான் அவர் தாடையைத் தூக்கி, வெட்டுப்பட்ட இடத்தின் கோணத்தைப் பார்த்தார். தலையை ராவ அவர் கை துடித்தது எனக்குத் தெரிந்தது. சோதனை நடக்கும்போது மாதிரியைத் தொடக்கூடாது என்பதும் சட்டம். அந்தப் பகுதியில் கோளாறு இல்லை.

ஏழாம் நாள் கீல் கம்பெனியிலிருந்து மூன்றாவது முறையாக ஆள் வந்தான். அத்தான் அவனை உட்கார வைத்து, இரண்டு வாரம் கழித்துச் சொல்கிறேன் என்றார். அக்கா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், டீ கொடுக்கவில்லை.

எட்டாம் நாளுக்குப் பிறகு கடி குறைந்தது. கம்பியின் கை புது மூடியின் வளைவைக் கண்டுகொண்டது. பன்னிரண்டாம் நாள் சுழியில் ஒரு கீறலும் இல்லை. பதினேழாம் நாள் திரும்ப ஒன்று. வலதில் பழசு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அப்பா மட்டும்தான் சந்தோஷப்பட்டிருக்க முடியும். அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

கடைசி நாள் அக்கா நான்கு கட்டம் போட்டுக் கூட்டினாள். இரண்டாவது சுற்றில் புதுசுக்கு இடதில் கீறல் பதினொன்று, இழை ஐம்பத்தெட்டு. பழசுக்கு வலதில் கீறல் நான்கு, இழை முப்பது. இரண்டு சுற்றும் சேர்த்தால் புதுசு, கீறல் பதினான்கு, இழை எண்பது. பழசு, கீறல் பதினெட்டு, இழை தொண்ணூற்றொன்று.

"நாலு கீறல்" என்றார் அப்பா.

"நாலுதான் மாமா."

"அன்னைக்கும் நாலுதான்."

அத்தான் புரியாத மாதிரி நின்றார். புரிந்துதான் நின்றார். திங்கட்கிழமை அச்சுக்காரர் வந்து புதுத் தலையின் அளவை எடுத்துக்கொண்டு போனார். கீல் கம்பெனிக்கு அக்காவே போன் செய்தாள். கம்பிக்குக் கணக்கைத் தீர்த்துவிட்டு, வீட்டுக்கு ஒரு ரேசர் இனாம், எது வேண்டும் என்று கேட்டேன். நாற்பது நாள் முகத்தைக் கொடுத்து புதுசை ஜெயிக்க வைத்த மனிதர், பழசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏண்ணே?"

"அதோட சண்டை போட்டுப் பழகிடுச்சு தம்பி."

அடுத்த வாரம் நான் எதையோ தேடி மேலே போனபோது, கழுவும் தொட்டியின் ஓரத்தில் எண்ணெய்க் காகிதம் ஒன்று பிரிந்து கிடந்தது. பீரோவின் உள்ளறையில் அதைப் பார்த்திருக்கிறேன், உள்ளே என்ன என்று கேட்டதில்லை. கண்ணாடி முன்னால் அப்பா முகம் முழுக்க நுரையோடு நின்றிருந்தார். தொட்டி விளிம்பில் இரண்டு ரேசர். ஒன்று அப்பாவுடைய பழசு. மற்றது நான் அதுவரை பார்க்காதது, குட்டையான கைப்பிடி, பித்தளை கறுத்துப்போயிருந்தது.

கறுத்ததை எடுத்து அப்பா வலது கன்னத்தில் வைத்தார். அழுத்தாமல், மெதுவாக. என்னைக் கண்ணாடியில் பார்த்தார். பார்க்காத மாதிரி வேலையைத் தொடர்ந்தார். அப்பாவின் தோல் மெல்லியது, முடி முரடு. வழித்த இடம் எப்படி இருக்கிறது என்று நான் பார்த்தேன். கடைக்காரன் கண் அது, என்ன செய்வது. நன்றாக இருந்தது.

எண்ணும் வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் அவரே பஞ்சை எடுத்து இழுத்துக்கொள்கிறார், கண்ணாடியை மூக்கில் இறக்கி அவரே எண்ணுகிறார். அக்கா யாரும் கேட்காமலே நீல நோட்டின் அந்தப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தாள். முப்பத்தோரு வருடத்துக் கறுப்பு மசிக்குக் கீழே அப்பாவின் இன்றைய எழுத்து, ஒரு வரி:

அண்ணன் தலை, வலது கன்னம். போட்ட சவரம் ஆறு. கீறல் ஒன்று. பாக்கி பதினான்கு.